படத்தில் விழுந்தவரும் விழாதவரும்

காமிரா ஒரு காலத்தில் சீமான் வீட்டுப் பண்டமாக இருந்தது. இன்று அது கூலிக்காரர் சட்டைப் பையிலும் இருக்கிறது. மகிழ்ச்சிதான்! லஞ்சம் கேட்கும் கையைப் படம் பிடிக்கலாம். ஆற்று மணலை இரவோடு இரவாக அள்ளிச் செல்லும் லாரியைப் படம் பிடிக்கலாம். ரேஷன் கடைத் தராசு சாய்வதைப் படம் பிடிக்கலாம். எளியவர் கையில் ஓர் ஆயுதம் வந்திருக்கிறது. ஆனால், ஆயுதம் கையில் இருந்தால் மட்டும் போதுமா? அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டாமா?

அண்மைக் காலத்தில் ஒரு வழக்கம் பரவி வருகிறது. நகரத்து நடைபாதையில் துணி விரித்தோ, வாளி வைத்தோ, தள்ளுவண்டி நிறுத்தியோ போலிச் சரக்கு விற்பவரைக் கைப்பேசியில் படம் பிடிப்பது. அவர் முகம் தெரியும்படி, குரல் கேட்கும்படி, நிற்கும் தெருவின் பெயர் புரியும்படிப் பிடிப்பது. "பாருங்கள், மோசடியை!" என்று உலகத்துக்கு அறிவிப்பது. பார்த்தவர்கள் ஏசுகிறார்கள், படம் பிடித்தவர் ஊர்க்காவலர் ஆகிவிடுகிறார். மறுநாள் இன்னொரு தெரு, இன்னொரு முகம், இன்னொரு படம்!

மோசடிக்கு வக்காலத்து வாங்க நாம் இதை எழுதவில்லை. போலி போலிதான். அதை விற்பவர் ஏழை என்பதால் பாகு தேனாகிவிடாது. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: வலை வீசினீர்களே, விழுந்தது யார்? தப்பியது யார்?

இந்தக் கேள்வியைப் பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். ஆகையால், ஒரு மலையை முன்னே வைத்துக் கேட்போம்.

கொல்லியின் பெயர்

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் கொல்லிமலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஆண்ட மலை. ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாட்களில் அவன் பெயரால் அங்கே விழா நடக்கிறது. மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்தவர்கள். மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் மலைவாழையும் விளைவிப்பவர்கள். சோளக்காட்டுச் சந்தையில் அவர்கள் உழைப்பு குவியலாகக் கிடக்கும். கீழே இருந்து வரும் வியாபாரி விலை சொல்லுவார், விளைவித்தவர் கேட்டுக்கொள்வார். அது தனிக் கதை.

அந்த மலையின் பெயருக்கு நகரத்தில் ஒரு மவுசு உண்டு. அது சந்தையில் கிடைக்கும் விலையைவிடப் பெரியது! "கொல்லிமலைத் தேன்", "கொல்லிமலை மிளகு", "கொல்லிமலைச் சித்தர் மூலிகை" என்று எழுதிய அட்டையைப் பார்க்காத நகரத்தார் இருக்க முடியாது. பிளாஸ்டிக் வாளி நிறையப் பழுப்பு நிறப் பாகு. அதன் மேல் மிதக்கும் ஒரு துண்டுத் தேனடை. அடையைப் பார்த்தவுடன் நம் மக்களுக்கு மலை தெரிகிறது, மரம் தெரிகிறது, தேனீ தெரிகிறது. வாளிக்கு அடியில் இருக்கும் சர்க்கரை மட்டும் தெரிவதில்லை. மிளகிலே பப்பாளி விதை கலந்திருக்கும். மூலிகை என்ற பொடியிலே என்ன இருக்கும் என்பது அரைத்தவருக்கே வெளிச்சம்.

சங்கப் பாடல்களில் கொல்லிப்பாவை என்ற ஒன்று பேசப்படுகிறது. பெண் போலவே இருக்கும், பெண் அல்ல. சிரித்து மயக்கி, நெருங்கியவர் உயிரைக் கொள்ளும் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் உண்மை போல் தோன்றும் போலி ஒன்றுக்கு அந்த மலையின் பெயர் சேர்ந்தது அன்றும் நடந்திருக்கிறது, இன்றும் நடக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. அன்று அந்தப் பாவை மலையைக் காத்தது என்றார்கள். இன்று வாளியில் மிதக்கும் பாவை மலையின் வயிற்றில் அடிக்கிறது!

எப்படி? பாருங்கள். மலைத்தேனீ பாறை இடுக்கிலும் உயர்ந்த மரத்திலும் கூடு கட்டும். புகை மூட்டி, கயிற்றிலே தொங்கி, கொட்டு வாங்கி அதை எடுக்க வேண்டும். பருவம் தவறினால் தேன் இல்லை. அப்படி எடுத்த தேனுக்கு ஒரு நியாயமான விலை சொன்னால், "கீழே பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்கிறார் வாங்க வந்தவர். இது முதல் அடி. போலித் தேனின் படம் ஊரெல்லாம் பரவிய பிறகு, "கொல்லிமலைத் தேனா? எல்லாம் பாகுதானாமே!" என்று கைவிரிக்கிறார். இது இரண்டாவது அடி. போலி விற்றவரும் அடித்தார். போலியைப் படம் பிடித்தவரும் அடித்தார். இரண்டு அடியும் விழுந்தது குற்றம் ஏதும் செய்யாத மலைமக்களின் முதுகில்!

கண் சோதனைக்கூடம் ஆகுமா?

படம் பிடிப்பவர் ஒன்றை மறந்துவிடுகிறார். தேனையும் பாகையும் அவருடைய காமிராவால் பிரித்தறிய முடியாது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். தீக்குச்சியைத் தோய்த்துக் கொளுத்திப் பார்ப்பார். எறும்பு வருகிறதா என்று பார்ப்பார். கெட்டியான பாகும் தண்ணீரில் கரையாமல் இறங்கும். ஈரம் ஏறிய நல்ல தேனும் தீப்பிடிக்க மறுக்கும். இவை பாட்டி காலத்துச் சோதனைகள். இன்றைய மோசடியோ ஆலைக் காலத்து மோசடி!

2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. நடைபாதை வாளிகளை அல்ல, கண்ணாடிப் புட்டியில் அடைத்து, முத்திரை குத்தி, பகட்டாக விளம்பரம் செய்து விற்கப்படும் தேன்களை அது ஆராய்ந்தது. 13 நிறுவனப் பெயர்கள், 22 மாதிரிகள். அணுக்காந்த ஒத்ததிர்வு என்னும் நுட்பச் சோதனைக்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். 13 பெயர்களில் 10 தேறவில்லை. எல்லாச் சோதனைகளிலும் தேறிய மாதிரிகள் 22-இல் 5 மட்டுமே! நிறுவனங்கள் மறுத்தன, தங்கள் தேன் சுத்தமானது என்றன. ஆயினும் ஆய்வு காட்டிய உண்மை அப்படியே நிற்கிறது.

இந்தக் கலப்படம் எப்படி நடக்கிறது? கரும்பும் மக்காச்சோளமும் ஒருவகைத் தாவரங்கள். அவற்றின் சர்க்கரை தேனில் கலந்தால் பழைய சோதனையில் அகப்பட்டுவிடும். நெல்லும் பீட்ரூட்டும் வேறு வகை. தேனீ நாடும் பூச்செடிகளில் பெரும்பாலானவையும் அதே வகை. ஆகவே அரிசியிலிருந்து காய்ச்சிய பாகு பழைய சோதனையில் அகப்படாது. சோதனைக்குத் தப்பும் பாகு என்று விளம்பரம் செய்தே சீனத்திலிருந்து அது விற்கப்படுவதாக அந்த மையம் எடுத்துக்காட்டியது.

இன்னொன்றையும் கேளுங்கள். 2020 ஆகஸ்டு 1 முதல், ஏற்றுமதியாகும் தேனுக்கு இந்த நுட்பச் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. அந்த ஆய்வு வெளிவந்த காலத்தில், உள்நாட்டில் விற்கும் தேனுக்கு அது கட்டாயம் இல்லை. வெளிநாட்டார் வயிற்றுக்கு ஒரு நீதி. நம் வயிற்றுக்கு வேறொரு நீதி!

இந்தப் பாகைக் காய்ச்சியவர் முகம் எந்தப் படத்தில் வந்தது? கப்பலில் இறக்கியவர் முகம் எந்தத் தெருவில் தெரிந்தது? வாளி வைத்து உட்கார்ந்திருந்தவர் முகம்தான் ஊரெல்லாம் தெரிந்தது.

சட்டம் கேட்கும் கேள்வி

"சட்டப்படி அவர் குற்றவாளிதானே?" என்று வாசகர் கேட்கலாம். நல்ல கேள்வி. சட்டத்தையே பார்ப்போம்.

1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டம், போலிக் குறி இட்ட பொருளை விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. கடுமையான தண்டனைதான். ஆனால் அதே 104-ஆம் பிரிவு ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. விற்றவர் வேண்டிய எச்சரிக்கையெல்லாம் எடுத்திருந்து, பொருள் போலி என்று ஐயப்பட அவருக்குக் காரணம் இல்லாதிருந்து, கேட்டபோது தமக்கு அதைத் தந்தவர் யார் என்ற விவரத்தைச் சொல்லிவிட்டார் என்று மெய்ப்பித்தால், அவருக்குத் தண்டனை இல்லை. கவனியுங்கள்! சட்டம் விற்பவரோடு நின்றுவிடவில்லை. "உனக்குக் கொடுத்தவர் யார்?" என்று கேட்கிறது. காமிரா கேட்க மறந்த கேள்வி அதுதான். சோதனை போட்டுச் சரக்கைக் கைப்பற்றும் அதிகாரத்தைக்கூடத் துணைக் கண்காணிப்பாளருக்குக் குறையாத காவல் அதிகாரிக்கே அந்தச் சட்டம் கொடுத்திருக்கிறது. வழியோடு போகும் யாருக்கும் கொடுக்கவில்லை.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் வந்தது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்தால், அதை 4 பங்காகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்குப் போக வேண்டும். விற்பவர் கேட்டால், அங்கீகாரம் பெற்ற வேறொரு சோதனைக்கூடத்துக்கும் ஒரு பங்கு போக வேண்டும். ஏன் இவ்வளவு முறை? ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லுமுன் அவருக்கும் ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்பதற்காக! படம் பிடிப்பவரோ ஒரு பங்கும் எடுக்காமல், ஒரு கூடத்துக்கும் அனுப்பாமல், அரை நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறார். அதற்கு மேல்முறையீடும் கிடையாது.

அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவு வாங்குபவருக்கும் ஓர் உரிமையைத் தந்திருக்கிறது. பொருளை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி, பகுப்பாய்வாளரிடம் கொடுத்து அறிக்கை பெறலாம். பொருள் சட்டத்துக்கு மாறானது என்று அறிக்கை வந்தால், கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். இந்த உரிமை நம் நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? படம் பிடிக்கத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் இதைப் பயன்படுத்தினார்கள்?

முகம் யாருடையது?

தெருவில் நிற்பவரைப் படம் பிடிப்பதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் தெருவில் நிற்பவருக்கும் மானம் உண்டு. 2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு, தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதற்கு வெகு முன்பே, 1994-இல், நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு உண்டு. 'நக்கீரன்' ஏடு தொடுத்தது. ஒவ்வொருவருக்கும் தம்மைத் தம் போக்கில் விட்டுவிடும்படி கேட்கும் உரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. கூடவே, அரசு ஊழியர் தம் பணியில் செய்த காரியங்களை ஏடுகள் எழுதினால், அந்த உரிமையைக் காட்டி அவர் வாயடைக்க முடியாது என்றும் சொன்னது.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். அதிகாரத்தில் இருப்பவர்மேல் காமிரா தாராளமாகத் திரும்பலாம். அதிகாரமற்றவர்மேல் திரும்பும்போது தயங்க வேண்டும். இதுதான் அந்தத் தீர்ப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடம். நடப்பதோ தலைகீழாக இருக்கிறது!

படத்தில் விழுந்தவர் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கும். அபராதம் கட்டினால் தீர்ந்துவிடும் குற்றம், பரவிய படத்தால் தீராத பழியாகிறது. ஒருவேளை படம் பிடித்தவர் தவறாகப் பிடித்திருந்தால்? சோளக்காட்டிலிருந்து பேருந்தில் வந்து, நாமக்கல்லிலோ சேலத்திலோ உண்மையான தேனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மலையாளித் தாயின் முகத்தை, "போலி" என்ற தலைப்போடு ஊருக்குக் காட்டிவிட்டால்? அந்தத் தாயிடம் அச்சடித்த சீட்டு இல்லை. பளபளக்கும் புட்டி இல்லை. சரளமாக வாதாடும் பேச்சும் இல்லை. ஏழ்மையையே போலிக்கு அடையாளமாகக் கொள்ளும் கண்ணுக்கு, அசலும் நகலும் ஒன்றாகத்தான் தெரியும்.

நடைபாதை வணிகர் என்றாலே சட்டவிரோதம் என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. தவறு. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் தெரு வணிகர் வாழ்வைப் பாதுகாக்கவே வந்தது. நகர வணிகக் குழு இருக்க வேண்டும். அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வணிகர்களே இருக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும் வரை யாரையும் விரட்டக் கூடாது. இவ்வளவும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. இடம் கேட்டு நிற்பவருக்கு முறையாகச் சான்று கிடைத்தால் அவருக்கு ஒரு முகவரி இருக்கும். முகவரி உள்ளவர் போலி விற்க அஞ்சுவார். இன்று இங்கே, நாளை எங்கோ என்று விரட்டப்படுபவருக்கு எந்தச் சரக்கு கிடைத்தாலும் சரிதானே!

உலகம் காட்டும் கணக்கு

பன்னாட்டுப் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பும் ஐரோப்பிய அறிவுசார் சொத்து அலுவலகமும் 2025-இல் ஒரு கணக்கு வெளியிட்டன. 2021-ஆம் ஆண்டில் உலக வாணிபத்தில் புழங்கிய போலிச் சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 46,700 கோடி டாலர். உலக இறக்குமதியில் 2.3 விழுக்காடு. இவ்வளவு பெரிய வாணிபத்தைச் சாக்குத் துணியில் விரித்துவிட முடியுமா? கப்பலும், கிட்டங்கியும், வங்கிக் கணக்கும், சுங்கச் சாவடியில் கண்ணை மூடிக்கொள்ளும் ஆட்களும் இல்லாமல் இது நடக்குமா? சாக்குத் துணி அந்தப் பெரிய ஆற்றின் கடைசி வாய்க்கால்!

இத்தாலி வேறொரு வழியில் போனது. போலி என்று தெரிந்தே வாங்குபவருக்கும் 7,000 யூரோ வரை அபராதம் விதித்தது. விற்பவர் மட்டுமா குற்றவாளி, மலிவுக்கு ஆசைப்பட்டவருக்குப் பங்கு இல்லையா என்று அந்த நாட்டுச் சட்டம் கேட்கிறது. ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்து தெருவில் போர்வை விரித்துப் போலிச் சரக்கு விற்றுக் காவலருக்கு அஞ்சி ஓடிக்கொண்டிருந்தவர்கள் 2015-இல் சங்கம் அமைத்தார்கள். 2017-இல் தங்களுக்கென்றே ஒரு வணிகப் பெயரைத் தொடங்கினார்கள். அடுத்தவன் பெயரை ஒட்டி விற்றவர்கள், தங்கள் பெயரையே ஒட்டி விற்க முன்வந்தார்கள். இது நம் சிந்தனைக்கு உரியது.

செய்ய வேண்டியது என்ன?

படமே பிடிக்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. பிடியுங்கள், சரியாகப் பிடியுங்கள்! புட்டியில் ஒட்டிய சீட்டைப் பிடியுங்கள். உரிம எண் இருந்தால் பிடியுங்கள். இல்லாவிட்டால் இல்லாததைப் பிடியுங்கள். விடியற்காலையில் வாளியை இறக்கிவிட்டுப் போகும் வண்டியைப் பிடியுங்கள். எந்தக் கிட்டங்கியிலிருந்து அது புறப்பட்டது என்று பாருங்கள். விற்பவரிடம் மரியாதையாக, "அய்யா, இதை எங்கே வாங்கினீர்கள்? அம்மா, உங்களுக்கு யார் கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள். கிடைத்ததை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள். அவர் அசையாவிட்டால், அசையாத நாற்காலியைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டுங்கள்! அதை நாமும் வரவேற்போம்.

அரசாங்கத்தின் கடமை இதைவிடப் பெரியது. காட்டில் விளையும் தேனும் மெழுகும் சிறுவன மகசூல்; காடு வாழ் பழங்குடியினருக்கு அதன்மேல் உரிமை உண்டு என்று 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. நகரத்தில் ஒரு கடையாக நிற்க வேண்டும். சேலத்திலும் நாமக்கல்லிலும் திருச்சியிலும் சென்னையிலும் மலைமக்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு நல்ல இடத்தில் அங்காடி கொடுங்கள். அவர்கள் கொண்டுவரும் தேனைச் செலவில்லாமல் சோதித்து முத்திரையிட்டுக் கொடுங்கள். விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை வாழைக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் புவிசார் குறியீடு என்ற காப்பு கிடைத்திருக்கிறது. கொல்லியின் பெயர் தாங்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் அப்படியொரு வேலி வேண்டும். வேலி போட்ட பிறகு அதைக் காக்க ஆளும் வேண்டும்.

வாளியோடு உட்கார்ந்திருக்கும் வணிகருக்கும் ஒரு சொல். உங்கள் வறுமை எங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் விற்கும் பெயர் உங்களைப் போன்றே இன்னொரு ஏழையின் சொத்து. அவர் சோற்றில் மண்ணைப் போட்டு நீங்கள் சோறு தின்ன வேண்டியதில்லை. சர்க்கரைப் பாகு என்று சொல்லி விற்றால் யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. கொல்லித் தேன் விற்க விரும்பினால், கொல்லிக்காரரிடமே வாங்கி விற்கலாம். இரண்டு வீட்டு அடுப்பும் எரியும்.

போலியை ஒழிக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளுவதால் அது ஒழியாது. இலையைக் கிள்ளுவது எளிது; இலை கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. வேரோ மண்ணுக்குள்ளே, மாளிகைக்கு அடியிலே இருக்கிறது. அங்கே போக எந்தக் காமிராவுக்குத் துணிவு இருக்கிறதோ, அந்தக் காமிராவுக்கு நம் வாழ்த்து!